மூச்சு இருக்கும்போதே வூட்டுக்கு

எனக்குப் படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்து கோணல் மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கள்ளக்குறிச்சியில் நான் வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரியில் மாசத்துக்கு ஒரு நாள் ஒரு கூட்டம் நடக்கிறது. தீராத வியாதி உள்ள வயசானவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் உட்கார்ந்து கடைசி காலத்தைப் பற்றிப் பேசுகிற கூட்டம். எனக்கு நடந்ததை எழுந்து நின்று சொல்லச் சொன்னார் நர்ஸம்மா. நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது கால் வீக்கம் வடிந்திருக்கிறது. சுவரோரம் தலையணை அடுக்கிச் சாய்ந்துகொண்டால் எழுத முடிகிறது. இது எத்தனை நாளைக்கோ தெரியாது, அதற்குள் எழுதிவிட வேண்டும்.

நான் பிறவியிலேயே பயந்தவள். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் தூங்கிவிடுவாரோ என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வருவேன். மகன் ஏழுமலை கரும்பு வெட்டப் போய் இருட்டிவிட்டால் ரோட்டுக்குப் போய் நின்றுவிடுவேன். தியாகதுருகத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. சொந்த நிலம் கிடையாது. களை எடுப்பது, நாற்று நடுவது, கூப்பிட்ட வேலைக்குப் போவதுதான் பிழைப்பு. அப்படிக் களை எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் வரப்பில் ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. கால் இரண்டும் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள், போனால் ஏதாவது பேர் சொல்வார்கள் என்று பயம். படுத்தால் மூச்சு முட்டியதால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். அதை முதலில் பார்த்தவள் மருமகள் சுமதி. அவள்தான் ஏழுமலையிடம் சொல்லி என்னைக் கிளப்பினாள்.

ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் சில்லென்று பசை தடவி, ஒரு கருவியை வைத்துத் தேய்த்து, இருதயம் அடிக்கிறதை டிவி மாதிரி ஒன்றில் பார்ப்பது. வலியே கிடையாது. பார்க்கிறவர் முகத்தைத்தான் பார்க்கக்கூடாது. நான் பார்த்துவிட்டேன். அப்புறம் ஏழுமலையை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். நானும் சுமதியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையை விடவேயில்லை. அவன் வெளியே வந்து என் தலைக்கு மேலே இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லம்மா. வாயுவாம்."

வாயுவுக்கு யாராவது இத்தனை மாத்திரை கொடுப்பார்களா? ஆனால் நானும் ஆமாம், வாயுதான் என்று சொல்லிக்கொண்டேன். அவன் எனக்காகப் பொய் சொன்னான், நான் அவனுக்காக நம்பினேன். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார்களாம். ஏழுமலையும் என் எதிரில் உட்கார்ந்து அந்தச் சப்பென்ற குழம்பையே ஊற்றிச் சாப்பிட்டான். அப்புறம் அடுப்படியில் ஊறுகாய் பாட்டில் மூடி திறக்கிற சத்தம் கேட்கும். கேட்காத மாதிரி இருந்துகொள்வேன்.

ஆறேழு மாசம் அப்படிப் போனது. ஒரு நாள் விடிகாலையில் மூச்சு சுத்தமாக நின்றுவிட்ட மாதிரி ஆகி, வேறொரு ஆஸ்பத்திரியில் ஐசியூவில் சேர்த்தார்கள். முகத்தோடு இறுக்கிக் கட்டி, காற்றை உள்ளே தள்ளுகிற மாஸ்க் ஒன்று போட்டார்கள். புயல் காற்றில் வாயைத் திறந்துகொண்டு நிற்கிற மாதிரி இருக்கும் அது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் என் சொந்தக்காரர்களிடம் பேசியது பிற்பாடு சுமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதற்கும் சரியாகாவிட்டால் தொண்டை வழியாகக் குழாய் போட்டு மிஷினில் விட வேண்டும், இரண்டு நாள் பார்ப்போம், உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்று சொல்லியிருக்கிறார். கூட நின்ற என் மூத்தாருக்கு, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணனுக்கு, 'உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது' என்பது மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது.

"மூச்சு இருக்கும்போதே வூட்டுக்குக் கொண்டும்போயிடலாம்டா" என்றாராம்.

இதைக் கேட்கிறவர்களில் எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியில் உயிர் போனால் உடம்பை வாசப்படி தாண்டி உள்ளே எடுக்கமாட்டோம். தெருவிலேயே பந்தல் போட்டுக் கிடத்தி அப்படியே எடுத்துவிடுவோம். என் வீட்டுக்காரர் சேலத்தில் ஆஸ்பத்திரியில்தான் போனார். தானே செங்கல் சுமந்து கட்டிய அரசாங்கத் தொகுப்பு வூட்டுக்கு எதிரில், தெருவில், தூறலில் கிடந்தார். தார்ப்பாய் ஒரு பக்கம் காற்றில் பிய்த்துக்கொண்டது. எடுக்கிறவரைக்கும் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் ஏழுமலை. அதனால் அவன் பெரியப்பா சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டு என்னை எடுத்துக்கொண்டு வந்தான். நான் தெருவில் கிடக்கக்கூடாது என்பதற்காக. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை, இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வூட்டில் நடந்ததற்கு நானே சாட்சி. தெற்கே தலை வைத்துப் பாயில் மட்டமாகப் படுக்கவைத்தார்கள். எனக்குக் கண் திறக்க முடியவில்லை, கை தூக்க முடியவில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது. கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் பந்தலுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார். இன்னொருவர், நாளைக்கு முகூர்த்த நாள், மேளக்காரன் கிடைக்கமாட்டான் என்று கவலைப்பட்டார். என் நாத்தனார் அழுதுகொண்டே சொன்னாள்: "உசிரோட இருந்தப்பவும் எல்லாத்துக்கும் பயந்துக்கினே இருந்துச்சு. இப்போ போவறதுக்கும் பயப்படுது பாரேன்." எனக்கே சிரிப்பு வந்திருக்கும், சிரிக்க மூச்சிருந்தால்.

அப்புறம் பால் ஊற்றினார்கள். போகிறவர்கள் வாயில் உறவுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பால் விடுவது வழக்கம். நிம்மதியாகப் போகட்டும் என்று ஆசையாகச் செய்வதுதான். நானே எத்தனை பேருக்கு விட்டிருக்கிறேன். ஆனால் படுத்திருப்பவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஸ்பூன் பல்லில் இடித்தது, பால் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. கடைசியில் ஏழுமலை வந்தான். ஊற்றினான். அது உள்ளே போய், போகக்கூடாத வழியில் இறங்கியது. தண்ணீரில் மூழ்குகிற மாதிரி இருந்தது. உடம்பு தூக்கிப் போட்டது. உயிர் இழுக்குது, இழுக்குது என்றார்கள்.

கொஞ்ச நேரம் பார்த்தும் நான் போகவில்லை. ஏதோ ஆசை தடுக்குது என்று பேச்சு வந்தது. மண் மேல் ஆசை இருந்தால் மண்ணைத் தண்ணீரில் கரைத்து வாயில் விட்டால் உயிர் பிரியும் என்பார்கள். எங்களுக்கு ஏது மண்? எந்த மண்ணைக் கரைப்பது என்று சண்டையே வந்துவிட்டது. வாசல் மண் போதும் என்றாள் நாத்தனார். அது புறம்போக்கு, செல்லாது என்றார் ஒருவர். காலமெல்லாம் களை எடுத்த முதலாளி கொல்லையில், அதாவது அவர் வயலில் இருந்து ஒரு பிடி எடுத்து வரச் சொன்னார் மூத்தார். எனக்கு அந்தக் கொல்லை மேல் ஒரு ஆசையும் கிடையாது. குனிந்து குனிந்து இடுப்பு போன இடம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

மண் வந்தது. டம்ளரில் கரைக்கிற சத்தம் கேட்டது. அப்போது சுமதி பேசினாள். அவள் பெரியவர்கள் எதிரில் பேசுகிறவள் இல்லை.

"அத்தைக்குப் படுத்தா மூச்சு முட்டும். உக்காந்துதான் தூங்கும். தூக்கி உக்கார வெச்சுப் பாக்கலாம்."

நீ சும்மா இரு என்றார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் தலைமாட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, அக்குளில் கை கொடுத்து என்னை இழுத்துத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். வாயில் விரல் விட்டுத் துடைத்தாள். அவள் நெஞ்சு ஏறி இறங்குவது என் முதுகில் தெரிந்தது. அதோடு சேர்ந்து நானும் இழுத்தேன். கொஞ்சம் காற்று உள்ளே போனது. இன்னும் கொஞ்சம் போனது. கண் திறந்தேன். எதிரில் மூத்தார் கையில் கலங்கல் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

ஏழுமலை ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். மூத்தார், திரும்பக் கொண்டும்போறியே, வழியில் போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். அவன் என்னைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான்.

இப்போது பார்க்கிற ஆஸ்பத்திரியில் அப்போதுதான் சேர்ந்தேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தார்கள். தண்ணீரை இறக்குகிற ஊசி போட்டார்கள். ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தேன், நெஞ்சு லேசானது. ஆனால் காய்ச்சல் விடவில்லை. பால் நுரையீரலில் இறங்கிப் புண்ணாகி சளி கட்டிவிட்டது, அதற்குப் பேர் நிமோனியா என்றார்கள். கிருமி மருந்து நாள் கணக்கில் ஏறியது. காப்பீட்டு அட்டை இருந்ததால் பில் பயம் கொஞ்சம் குறைந்தது. குறைந்ததே தவிரப் போகவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் இது அட்டையில் வருமா என்று சுமதியைக் கேட்டு நச்சரிப்பேன். அவள் வருமா வராதா என்று தெரியாமலே வரும் வரும் என்பாள்.

எதிர்க் கட்டிலில் கல்வராயன் மலையில் இருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தார். நுரையீரல் சுருங்கிப்போகிற வியாதி. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு எல்லாரையும் வம்புக்கு இழுப்பார். என் கதையைக் கேட்டுவிட்டு, "பால் குடிச்சதுக்கே ஆஸ்பத்திரியா? எங்க மலைக்கு வா தங்கச்சி, தேன் ஊத்தி அனுப்பறோம்" என்றார். அவர் சம்சாரம் அவர் தொடையில் ஒரு அடி வைத்தார்.

ஒரு நாள் டாக்டரம்மா ஏழுமலையை வெளியே கூப்பிட்டபோது எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, என்னிடமே சொல்லுங்கம்மா என்றேன். வாயு என்று மட்டும் சொல்லாதீங்க என்றும் சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இருதயம் மோட்டார் மாதிரி, உங்களுடையது தண்ணீரை இறைக்கிற பலம் போய்விட்டது, இறைக்காத தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறது என்றார். மாத்திரையால் அதை ஓட்டலாம், மோட்டாரைப் புதுசாக்க முடியாது. இந்தத் தடவை தப்பித்துவிட்டீர்கள், மறுபடி வரும், ஒரு தடவை வரும்போது எங்களால் முடியாமல் போகும் என்றார்.

அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. பேர் தெரியாத பயம் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது, பேர் வைத்ததும் ஒரு மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. போய்விடவில்லை. ஆனால் எங்கே இருக்கிறதென்று தெரிகிறது.

அந்த நாட்களில் வேறொன்று என்னை அரித்துக்கொண்டிருந்தது. ஏழுமலை என் பக்கத்தில் வருவதில்லை. வராந்தாவில் நிற்பான், மருந்து வாங்கி வருவான், துணி அலசுவான். ஆனால் ஒரு வாய் தண்ணீர் கேட்டால்கூட சுமதியைக் கூப்பிடுவான். வூட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். பாலால்தான் காய்ச்சல் வந்தது என்று டாக்டர் சொன்னதை அவனும் கேட்டிருந்தான். ஊரே சேர்ந்து ஊற்றினாலும், உள்ளே போனது தன் கையால் என்று அவனுக்குத் தெரியும். மறுபடி வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அப்போது இவன் என் கிட்டே வராமல் வாசலில் நின்றுவிட்டால்? சாவைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம்தான் அந்தக் கூட்டத்துக்கு மூவரும் போனோம். நர்ஸம்மா சுற்றி வளைக்காமல் பேசினார். கடைசி நாட்களில் பசி தானாகவே அடங்கும், வற்புறுத்தி ஊட்டாதீர்கள். மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும், பார்க்கிறவர்களுக்குத்தான் அது பயம். மூச்சுத் திணறலுக்கும் வலிக்கும் மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். காது நெடுநேரம் கேட்கலாம், அதனால் பக்கத்தில் பார்த்துப் பேசுங்கள். இதற்கு நான் மட்டும் பலமாகத் தலையாட்டினேன். குழாய் வேண்டுமா வேண்டாமா, எங்கே இருக்க ஆசை என்பதையெல்லாம் நினைவு இருக்கும்போதே வூட்டில் சொல்லி வையுங்கள் என்றார்.

மலைக்காரப் பெரியவரும் வந்திருந்தார். "எனக்கு மலையிலதான் போவணும். பொணமா வளைவுல ஆடிக்கினு போறதுக்கு, இருக்கறப்பவே ஜன்னல் சீட்டுல போயிடறேன்" என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். அவர் சம்சாரம் மட்டும் சிரிக்கவில்லை, அவர் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்.

பின்னால் இருந்து ஒரு அம்மா, அப்போ பாலே ஊத்தக்கூடாதா என்று கேட்டார். நர்ஸம்மா, வழக்கத்தை விடச் சொல்லவில்லை, பஞ்சில் நனைத்து உதட்டில் ஒற்றுங்கள், அதுவும் பால்தான் என்றார். ஏழுமலை எழுந்து வெளியே போய்விட்டான்.

அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் சுமதி கடைப்பக்கம் போயிருந்தாள். அவன் என்னிடம் இருந்து ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தான். பேசிவிட்டேன்.

"ஏழுமல, எனக்கு அன்னைக்கு எல்லாம் தெரிஞ்சிது. யார் கை எதுன்னு தெரிஞ்சிது."

அவன் நிமிராமலே கேட்டான்.

"எல்லாருக்கும் பல்லைக் கடிச்சிக்கினு இருந்தியே. எனக்கு ஏம்மா வாயத் தொறந்த?"

"நீ குடுத்தியேன்னு தொறந்தேன். வேற இன்னா?"

அவன் தோளில் கிடந்த துண்டை முகத்தில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும். நான் நகர்ந்து அந்த ஒரு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம் எனக்கு என்ன வேண்டுமென்று சொன்னேன். தொண்டையில் குழாய் வேண்டாம். அதைத் தவிர, மருந்து ஊசி எது கொடுத்தாலும் சரி. மட்டமாகப் படுக்கவைக்கக் கூடாது. பாலை அவன்தான் பஞ்சில் ஒற்ற வேண்டும், வேறு யாரும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். கடைசியாக ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டால் தெருவில் போட்டுவிடுவார்களே என்பது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவனும் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்தார் என்னைப் பார்க்க வந்தார். நாங்கள் மூத்தாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முக்காடு போட்டுக்கொண்டு கதவு மறைவில் உட்கார்ந்திருந்தேன். என் சாவைப் பற்றித் தீர்மானிக்கிறவரிடம் நான் ஒரு வார்த்தை பேச முடியாது. அவர் டீ குடித்துக்கொண்டே, அடுத்த தடவை முடியாமல் போனால் ஆஸ்பத்திரி வேண்டாம், வூட்டோடு வைத்துக்கொள் என்று ஏழுமலைக்குப் புத்தி சொன்னார்.

ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினான், ஆனால் குரல் தடுமாறவில்லை.

"இல்ல பெரியப்பா. மூச்சு முட்டுச்சுன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டும்போவேன். அங்க எவ்ளோ நாள் இருக்கணுமோ இருக்கட்டும். அவசரப்பட்டுத் தூக்கிக்கினு வரமாட்டேன்."

"அங்கயே போயிடுச்சுன்னா? உங்கப்பன் மாதிரி தெருவுல போடுவியா?"

"அங்க போனாலும் வூட்டுக்குள்ளதான் கொண்டாருவேன்."

மூத்தார் டம்ளரைக் கீழே வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் வாசப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், சரி, பின்பக்கமா கொண்டாந்துடு, முன் வாசல் வழியா வேணாம் என்றார்.

"இந்த வூட்டுக்கு ஒரு வாசல்தான் பெரியப்பா."

அது அவருக்கும் தெரியும். தம்பியோடு சேர்ந்து அந்த வாசல் நிலையை நிறுத்தியவரே அவர்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். படி இறங்கி, செருப்பு மாட்டி, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

"அப்போ நான் அந்தாண்ட திரும்பி நின்னுக்கறேன். நீ உள்ள கொண்டும்போ."